ஆட்டம் என்270, 1 ஜிபி ரேம் நெட்புக்: எந்த லினக்ஸ் ஓடும்?

பழையபெட்டி:
இன்டெல் ஆட்டம் என்270, 1 ஜிபி டிடிஆர்2 ரேம், 160 ஜிபி ஹார்டு டிஸ்க். உள்ளே இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி, முழுதாக அழித்துவிடலாம். லுபுன்டு புதிய பதிப்பைப் பென்டிரைவில் எழுதிப் போட்டால், கெர்னலுக்கு எக்ஸ்86-64 சிபியு வேண்டும், இருப்பதோ ஐ686 என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. பென்டிரைவ் சரியாக எழுதப்படவில்லையா? இணையம், பிடிஎஃப், தமிழ்த் தட்டச்சு இவ்வளவுதான் தேவை. என்ன போடலாம்?

ஸ்வாப்புசாமி:
பென்டிரைவ் மேல் பழி போடாதீர்கள். என்270 வெறும் 32 பிட் சிப் (ஐ686); எக்ஸ்86-64 என்பது 64 பிட். லுபுன்டு 19.04 முதலே 32 பிட்டைக் கைவிட்டுவிட்டது. இன்னொரு லினக்ஸான டெபியன் 13-லும் 32 பிட் நிறுவி கிடையாது. ஆட்டம் என்றாலே 32 பிட் என்றும் நினைக்க வேண்டாம், என்450 64 பிட். எனவே டெஸ்க்டாப் இலகுவா என்று பார்க்கும் முன் சிப் எத்தனை பிட் என்று பாருங்கள்.

உங்களுக்கு ஆன்டிஎக்ஸ் 23, 32 பிட் பதிப்பு. டெபியன் 12 அடிப்படை, சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) இல்லை, ஐஸ்டபிள்யூஎம் சாளர மேலாளர்.

ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) இறக்கியதும், அது பழுதில்லாமல் வந்ததா என்று ஷா256 எண்ணை ஒப்பிட்டுச் சரிபார்க்கவும். ரூஃபஸில் (பென்டிரைவில் எழுதும் விண்டோஸ் நிரல்) எழுதினால், கேட்கும்போது டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்தால் பூட் ஆகாது. அந்தக் காலத்து நெட்புக்குகளின் பயாஸ் பலவற்றில் பென்டிரைவ் "யுஎஸ்பி" என்ற தலைப்பில் வராது. ஹார்டு டிஸ்க் பட்டியலுக்குள் இரண்டாவதாக ஒளிந்திருக்கும். அங்கே போய் மேலே ஏற்ற வேண்டும்.

லைவ் ஆக (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே) எழுந்ததும் நிறுவ அவசரப்படாமல் வைஃபை, ஒலி, டச்பேட், திரை வெளிச்சம் நான்கையும் பாருங்கள். லைவில் பயனர் டெமோ, கடவுச்சொல்லும் டெமோ, ரூட்டுக்கு ரூட். பிராட்காம் வைஃபை அட்டை என்றால் ஃபர்ம்வேர் இல்லாமல் உயிர் வராது, அதை இறக்கவே இணையம் வேண்டும். லான் கேபிளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பகிர்வு அட்டவணை எம்பிஆர் (ஜிபிடி வேண்டாம், சில பழைய பயாஸ் முரண்டு பிடிக்கும்). ரூட் 20 ஜிபி எக்ஸ்ட்4, ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) 2 ஜிபி, மீதி ஹோம். கிரப் (இயங்குதளத்தை எழுப்பும் நிரல்) எங்கே என்று கேட்கும்போது எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை நம்பாமல் அளவைப் பாருங்கள்: உங்கள் 160 ஜிபி டிஸ்க் 149 என்று தெரியும். பென்டிரைவில் கிரப்பைப் போட்டுவிட்டால் அதைப் பிடுங்கியதும் இயந்திரம் எழாது.

சின்னப்பெங்குவின்:
இவ்வளவு எதற்கு? பப்பி லினக்ஸ் போடுங்கள். ஃப்ரூகல் முறையில் நிறுவினால் நான்கைந்து கோப்புகள், ஒரு சேமிப்புக் கோப்பு, அவ்வளவுதான். எல்லாம் ரேமில் ஓடும், பழைய டிஸ்க்கின் வேகம் தடையே இல்லை.

ஸ்வாப்புசாமி:
2 ஜிபி இருந்தால் ஒத்துக்கொள்வேன். 1 ஜிபியில் முதன்மை எஸ்எஃப்எஸ் கோப்பை (முழு இயங்குதளமும் சுருக்கி அடைத்தது) ரேமில் ஏற்றினால் அதற்கே சில நூறு எம்பி போய்விடும், பிரவுசருக்கு மிஞ்சியது அரைவயிறு. ரேமில் ஏற்றாத நோகாப்பி விருப்பத்தோடு பூட் செய்தால் ரேம் மிஞ்சும், ஆனால் நீங்கள் சொன்ன வேகம் போய்விடும். போதாக்குறைக்கு எப்போதும் ரூட்டாகவே உள்நுழைகிறது.

உண்மையில் ரேமைத் தின்பது இயங்குதளம் அல்ல, பிரவுசர். ஆன்டிஎக்ஸ் 200 எம்பி சுற்றுவட்டாரத்தில் நிற்கும்; ஃபயர்ஃபாக்ஸில் நாலு தாவல் திறந்தால் மீதி காலி. 945ஜிஎஸ்இ சிப்செட் 2 ஜிபி வரை ஏற்கும். ஒரே ஸ்லாட் என்றால் 1 ஜிபியைக் கழற்றி 2 ஜிபி போட வேண்டும். எஸ்எஸ்டியா ரேமா என்றால் முதலில் ரேம். அதுவரை 512 எம்பி இசட்ரேம் (ரேமிலேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப்) வைத்து, அதன் முன்னுரிமையை டிஸ்க் ஸ்வாப்பைவிட உயர்த்துங்கள். விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் கட்டாயம்.

குரோம் 32 பிட் லினக்ஸை 2016-லேயே விட்டுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸிலும் 144-தான் கடைசி; இப்போதைக்கு அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆர் 140-தான் வழி. வீடியோ 360பி, எச்264 வடிவம் மட்டும். உங்கள் கிராஃபிக்ஸ் சிப்பான ஜிஎம்ஏ 950 எச்264-ஐ வன்பொருளில் பிரிக்காது, முழுச் சுமையும் சிபியு தலையில், 720பி திக்கும்.

பழையபெட்டி:
ஆன்டிஎக்ஸ் நிறுவியாயிற்று, லான் வேலை செய்கிறது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை. மென்பொருள் நிறுவும் ஏபிடியில் புதுப்பித்தால் "ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை" என்கிறது. மறுபடி நிறுவவா?

ஈயப்பற்று:
வேண்டாம். திரையோரத்தில் தேதியைப் பாருங்கள், 2009 என்றோ வேறு ஏதோ பழைய ஆண்டோ இருக்கும். மதர்போர்டு பேட்டரி செத்துவிட்டது. சான்றிதழ் "செல்லும் நாள்" எதிர்காலத்தில் இருப்பதாக இயந்திரம் நினைக்கிறது, ஏபிடியின் புகாரும் அதே.

ரூட்டாக டேட் கட்டளையில் இன்றைய தேதி, நேரம் கொடுத்து, எச்டபிள்யூகிளாக் மூலம் வன்பொருள் கடிகாரத்தில் எழுதுங்கள். மின்சாரத்தைத் துண்டித்ததும் மறுபடி போய்விடும். நிரந்தரத் தீர்வு புது சிஆர்2032 காசு பேட்டரி. நெட்புக்கில் அது வட்டக்கூட்டில் இருக்காது, பெரும்பாலும் கறுப்பு உறை போட்டு இரண்டு கம்பி இணைப்பானோடு வரும். கம்பி வைத்ததையே வாங்குங்கள், வெறும் காசு பேட்டரியில் கம்பியை நேரடியாக ஈயத்தால் பற்றவைத்தால் சூட்டில் வெடிக்கலாம். மாற்றியபின் பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும், பூட் வரிசையை மறுபடி பார்த்துக்கொள்ளவும்.

பழையபெட்டி:
2008 காட்டியது! சரிசெய்ததும் ஏபிடி ஓடுகிறது. தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் உள்ளீட்டு நிரல் போடலாமா, கனமாக இருக்குமா?

ஈயப்பற்று:
அதற்குப் பதில் எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டு நிரல், அதனுடன் எம்17என் (பல மொழி விசைப்பலகைகள்) தொகுப்பு. அதில் தமிழ்99 இருக்கிறது, புள்ளி தானாக விழும். விசைப்பலகை அமைப்பிலேயே உள்ள தமிழ்நெட்99 ஒரு எம்பிகூடக் கேட்காது, ஆனால் அது விசைக்கு ஓர் எழுத்து என்றே ஓடும், தானியங்கிப் புள்ளி கிடையாது. தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் லோகித் தமிழ் எழுத்துரு ஒன்று போதும்.