ஓடா, சில்லா, பாத்தியா?

அனைவருக்கும் வணக்கம்.

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவுக் கிணற்றைக் கைப்பேசி லேசரால் ஸ்கேன் செய்து, இணைய உலகப்படத்தில் ஏற்ற இரண்டு வாரமாக மல்லுக்கட்டுகிறேன். செய்முறையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ‘டைல்’ (tile, பெரிய படத்தைப் பகுதி பகுதியாக அனுப்பப் பிரிக்கும் துண்டு) வந்து தடுக்குகிறது.

அதற்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை இந்தக் குழுவில் வந்தவை ஓடு, வில்லை, சில்லு. சில்லு நமக்குச் சரிவராது. தமிழகத்தில் அது சிறு துண்டு, இலங்கையில் சைக்கிளுக்குப் பூட்டும் சக்கரம். வில்லை ‘லென்ஸ்’ என்ற பொருளில் பள்ளிக்கூடத்து ஒளியியலுக்குப் போய்விட்டது. ஓடு பரவாயில்லை. ஆனால் ‘ஓடு மாற்றம்’ என்று தலைப்புப் போட்டால், மாரிமழைக்கு முன் கூரை வேலைக்கு ஆள் தேடுவது போல இருக்கும்.

அதோடு, கூரையில் எல்லா ஓடும் ஒரே அளவு, எல்லாம் எப்போதும் அங்கேயே இருக்கும். இந்த டைல் அப்படியில்லை. ஸ்கேன் கோப்பில் கோடிக்கணக்கில் புள்ளிகள் இருக்கலாம். மொத்தமாக அனுப்பினால் உலாவி திணறிவிடும். அதனால் இடத்தைப் பெட்டிகளாகப் பிரித்து, பெரிய பெட்டியில் ஐதான புள்ளிகளையும் அதன் உள்ளே சிறு பெட்டிகளில் செறிவானவற்றையும் வைக்கிறார்கள். இந்தப் பெட்டியோடு நிறுத்தினால் வடிவம் எத்தனை மீட்டர் பிசகும் என்று ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கும். அந்தப் பிசகு திரையில் ஓர் எல்லையைத் தாண்டினால்தான் உட்பெட்டி இறங்கும். நான் பயன்படுத்தும் உலகப்பட மென்பொருளான சீசியத்தில் (Cesium) நாம் மாற்றாவிட்டால் அந்த எல்லை 16 படப்புள்ளி (pixel). அதுவும் நாம் பார்க்கிற பக்கத்துக்கு மட்டும்.

நிலாவெளி வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வரம்பை வெட்டி ஒரு பாத்திக்கு மட்டும் விடுவார்கள், மற்றவை காத்திருக்கும். ஆகவே என் பரிந்துரை ‘பாத்தி’. வினைச்சொல்லும் கையோடு கிடைக்கிறது: பாத்தி கட்டுதல். ‘ஓடாக்கம்’ என்று புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டாம். (ஸ்கேன் புள்ளிகளின் தொகுப்பைச் சொல்லும் ‘point cloud’ என்பதற்குப் புள்ளி மேகமும் வேண்டாமே. புள்ளித்திரள் போதும்.)

ஒரு எச்சரிக்கை. கிணற்றடியின் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து 4 மீட்டர் என்று கொடுத்தேன். கிணறு போய் ஆகாயத்தில் நின்றது! அந்த உலகப்படம் உயரத்தை அளப்பது கடல்மட்டத்திலிருந்து அல்ல, பூமியின் வடிவத்துக்காகக் கணக்கில் வரைந்த ஒரு நீள்கோளத்திலிருந்து. இலங்கையைச் சுற்றி ஈர்ப்பு குறைவு என்பதால், நம் கடல்மட்டம் அந்தக் கோளத்துக்கு 90 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே கிடக்கிறது. பாத்தி கட்டும் முன்பே இந்த வித்தியாசத்தைக் கழித்துவிடுங்கள்.

*

தம்பி, ‘ஓடு’ என்று முன்மொழிந்தது நான்தான். பாத்தி நல்ல சொல். ஆனால் பாத்திக்குள் பாத்தி யார் கட்டுகிறார்கள்? உங்கள் பெட்டி மேலும் கீழுமாக எட்டாகப் பிரிகிறது, பாத்தியோ தரையோடு கிடப்பது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு மறுப்பும் தோன்றுகிறது: டைலும் தட்டைதானே, ஆங்கிலத்துக்காரர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சரி, உள்ளே வருவதை ‘உட்பாத்தி’ என்போம். நான் ‘ஓடு’ என்று சொன்னதை மீளப் பெறுகிறேன்.

அப்புறம், கிணறு தரைக்கு இறங்கிவிட்டதா?