மாறாமலை கிராம்பெண்ணெய் நியோசோம்: இதுக்குப் பேரு ‘இலக்கு மருந்து’தானா?

வேளிமலை:
கிராம்பெண்ணெயோட முக்கியச் சரக்கான யூஜினாலை நியோசோமில் (மருந்தை உள்ள வைக்குத நுண்ணிய சவ்வுப் பை) அடைச்சு ஈறுக்கான ஜெல்லில் கலக்குத திட்டம் இது. ‘இலக்கு மருந்து’ன்னு தலைப்பு போடலாம்னு இருக்கேன். ஸ்பான் 60 (சவ்வாகுத, சோப்பு மாதிரிப் பொருள்) 43 மி.கி., கொலஸ்ட்ரால் 39 மி.கி. (மோல் கணக்கில் சரிக்குச் சரி), யூஜினால் 100 மி.கி. எல்லாத்தையும் 10 மி.லி. குளோரோஃபார்மில் கரைச்சு, ரோட்டாவேப்பில் (சுழற்றி ஆவியாக்குத கருவி) படலமாக்கி, 10 மி.லி. பாஸ்பேட் பஃபர் ஊத்தி 60 டிகிரியில் ஒரு மணி நேரம் சுத்தணும். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் வேகமாச் சுத்தி அடியில படிய வைக்கணும். அடியில தங்குத யூஜினால்தான் அடைபட்ட அளவு.

குழித்துறைக்காரன்:
அண்ணே, கடைசி வரியிலதான் கோளாறு. யூஜினால் தண்ணியை விடக் கனம், அடர்த்தி சுமார் 1.06. தண்ணியில லிட்டருக்கு ரெண்டரை கிராம் போலத்தான் கரையும். உங்க 10 மி.லி.யில 25 மி.கி. போக மிச்சம் அடைபடலேன்னா துளியா நிக்கும், சுத்தினா நியோசோமோட சேர்ந்து அடியிலேயே இறங்கும். எண்ணெய்த் துளியையும் மருந்துக் கணக்குல எழுதிருவிய. ஸ்பான் இல்லாம, வெறும் பஃபர்ல அதே 100 மி.கி. போட்டு ஒருக்கா சுத்திப் பாருங்க, குட்டு உடைஞ்சிரும்.

அதோட, குளோரோஃபார்ம் மிச்சம் 60 பிபிஎம்முக்குள்ள இருக்கணும். அதுக்காக ராத்திரி முழுக்க வெற்றிடத்துல வச்சா ஆவியாகுத யூஜினாலும் கூடவே போகும்.

வேளிமலை:
ஸ்பான் இல்லாம பிளாங்க் ஓட்டுதது நியாயம்தான். யூஜினாலையும் 20 மி.கி.க்கு இறக்கிருதேன். குளோரோஃபார்மை விட்டுட்டு எத்தனால் ஊசி முறை: மூணையும் எத்தனாலில் கரைச்சு, 60 டிகிரி பஃபருக்குள்ள மெல்லிய ஊசியால கலக்கிக்கிட்டே செலுத்தணும். பஃபர் ஆறிப்போச்சுன்னா ஸ்பான் 60 கட்டியாகி மிதக்கும். அது இளகுத சூடு 50 டிகிரிக்கு மேல. நம்ம ஊர் வெயிலுக்கு ஸ்பான் 80ஐ விட இதுதான் கசியாம நிக்கும்.

குழித்துறைக்காரன்:
சரி. ஆனா ‘இலக்கு’ன்னு போடாதீங்க. ஈறுல தடவினா அங்கேயே கொஞ்ச நேரம் கூடுதலா தங்கும், அவ்வளவுதான். ரத்தத்துல ஏத்தினா கல்லீரல், மண்ணீரல்ல இருக்க மேக்ரோஃபேஜ்தான் (அன்னியப் பொருளை விழுங்குத செல்) முதல்ல விழுங்கும். லீஷ்மேனியாக் கிருமி அதே செல்லுக்குள்ள குடியிருக்கதால, அந்தக் கிருமிக்கான ஸ்டிபோகுளுக்கோனேட் மருந்து அடைச்ச நியோசோமுக்கு அது வசதியாப் போச்சு. யூஜினாலுக்கு அங்க என்ன வேலை?

தக்கலை லேப்:
ரெண்டு பேருக்கும்: மின்னேற்றம் இல்லாத நியோசோம் ஒண்ணோடொண்ணு ஒட்டி அடியில படியும். மின்னேற்றம் தருத டைசீட்டைல் பாஸ்பேட் 5 மோல் சதவீதம் சேருங்க. ஃபிரீசர்ல மட்டும் வச்சிராதீங்க, பனிக்கட்டி சவ்வைக் கிழிச்சிரும். 4 டிகிரி போதும்.

வேளிமலை:
மக்கா, தலைப்புல ‘இலக்கு’ போச்சு. ‘ஈறில் தங்கும் ஜெல்’னு மாத்தியாச்சு. அடைபடாத யூஜினாலை வெளியேத்த டயாலிசிஸ் பை (சின்ன மூலக்கூறை மட்டும் வெளிய விடுத சவ்வு) வேணும்லா, அதோட துளை அளவு எத்தனை கிலோடால்டன் (மூலக்கூறு எடைக் கணக்கு)?

குழித்துறைக்காரன்:
12 போதும். வெளிப் பஃபரை மணிக்கொருக்கா மாத்தணும், ஆனா ரொம்ப நேரம் போடாதீங்க. உள்ள அடைபட்டதும் கசிஞ்சு வெளிய வந்துரும்.