ஸ்பிரிங்ஸ்டீனின் முதல் ஆல்பம்: குறை பாட்டிலா, பதிவிலா?

சுருதிபேதம்:
‘பார்ன் டு ரன்’ ஆல்பத்தில் கிறங்கிப்போய் அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் முதல் ஆல்பத்தைத் தேடிப் போகிறவர்கள் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். 1973 ஜனவரியில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘கிரீட்டிங்ஸ் ஃப்ரம் ஆஸ்பரி பார்க், என்.ஜே.’ நல்ல பாடல்கள் இருந்தும் பதிவில் கோட்டைவிட்ட ஆல்பம். ட்ரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் கேட்கிறது. நியூ ஜெர்சி கடற்கரை ஊர்களில் லீட் கிட்டாருக்காகவே பெயர் வாங்கிய ஆளின் ஆல்பத்தில் எலெக்ட்ரிக் கிட்டாரைத் தேட வேண்டியிருக்கிறது. ஒன்பது பாட்டில் சிலவற்றில் பேண்ட் முழுசாக இருக்கிறது, சிலவற்றில் கிட்டத்தட்ட அவர் மட்டும்தான். ஒரே ஆல்பம் என்ற உணர்வே வரவில்லை.

கருப்புத்தட்டு:
ஒலி மெலிந்திருப்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஏன் இப்படி ஆனது என்று பார்க்க வேண்டாமா? 1972 மே மாதம், கொலம்பியாவுக்குப் புதுப் பாடகர்களைத் தேடிப் பிடித்த ஜான் ஹாமண்டின் அலுவலகத்துக்கு ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரோடு போய், அவர் எதிரிலேயே பாடிக் காட்டித்தான் ஸ்பிரிங்ஸ்டீன் கொலம்பியாவுக்குள் நுழைந்தார். பாப் டிலனைச் சேர்த்ததும் இதே ஹாமண்ட்தான். அதனால் தனி ஆளாகப் பாடும் ஆல்பத்தைத்தான் அவர் எதிர்பார்த்தார். மேனேஜரும் தயாரிப்பாளருமான மைக் அப்பெலும் அதே எண்ணம். ஸ்பிரிங்ஸ்டீனோ ஊரிலிருந்து வினி லோபஸ், கேரி டாலன்ட், டேவிட் சான்ஷியஸ் என்று தன் ஆட்களைக் கூட்டி வந்துவிட்டார். கடைசியில் பாதி தனியாக, பாதி பேண்டோடு என்று முடிவானது. அந்த இழுபறியை ஆல்பம் முழுக்கக் கேட்கலாம். எனக்கு அது பிடித்தும் இருக்கிறது.

சுருதிபேதம்:
காரணம் தெரிந்ததால் பாட்டு நன்றாகக் கேட்டுவிடாதே, நண்பரே. ‘மேரி குவீன் ஆஃப் ஆர்கன்ஸா’ ஐந்து நிமிடத்துக்கு மேல் நகராமல் நிற்கிறது. ஹாமண்டுக்காகப் பாடிய டெமோக்கள் (மாதிரிப் பதிவுகள்) 1998இல் ‘ட்ராக்ஸ்’ தொகுப்பில் வந்தன. அதில் ‘இட்ஸ் ஹார்ட் டு பி எ செயின்ட் இன் தி சிட்டி’ கேளுங்கள். ஒரே கிட்டார், ஒரே குரல், கத்தி மாதிரி. ஆல்பத்தில் இருப்பது அதில் பாதிகூட இல்லை. சரி, பேண்டோடுதான் வேண்டும் என்றால் 1978இல் லாஸ் ஏஞ்சலஸின் ராக்ஸி அரங்கில் வாசித்ததைக் கேளுங்கள். அவரும் ஸ்டீவன் வான் சான்ட்டும் கிட்டாரில் மோதிக்கொள்கிற இடம் பாட்டையே வேறு உயரத்துக்குக் கொண்டுபோகிறது. தனியாகவும் நன்றாக வந்திருக்கிறது, பேண்டோடும் நன்றாக வந்திருக்கிறது. நடுவில் நின்ற ஆல்பத்தில்தான் வரவில்லை.

தாளக்காரி:
ட்ரம்ஸைப் பற்றி யாராவது பேசினால் சும்மா இருக்க முடியாது எனக்கு. லோபஸின் வாசிப்பு மோசம் என்று சொல்லாதீர்கள். ‘ஃபார் யூ’ பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். அவர் எந்த இடத்திலும் வெறுமனே தாளம் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. வரிகளுக்கு நடுவே கிடைக்கிற இடத்திலெல்லாம் உருட்டிக்கொண்டே போகிறார். பாடுகிறவர் ஒரு அடியில் இத்தனை வார்த்தை திணிக்கும்போது நேராக வாசித்தால் பாட்டு செத்துவிடும். பதிவான ஒலி தட்டை, அது வேறு விஷயம். செலவைக் குறைக்க அப்பெல் பிடித்த ஸ்டூடியோ அது, நியூயார்க் நகரத்துக்கு வெளியே பிளாவெல்ட்டில் இருந்த 914.

சுருதிபேதம்:
ஸ்டூடியோ மேல் பழி போட முடியாதே. ‘பார்ன் டு ரன்’ என்கிற பாட்டு 1974இல் அதே 914இல்தான் பதிவானது. அங்கே அப்படி ஒரு ஒலி வந்ததே?

தாளக்காரி:
வந்தது, அந்த ஒரே பாட்டோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியதால் வந்தது. முதல் ஆல்பம் சில வாரங்களில் முடிந்த வேலை. காசு இல்லை, அனுபவமும் இல்லை. அப்புறம் என்ன எதிர்பார்க்க முடியும்?

வரிவாசி:
எல்லாரும் ஒலியையே பேசுகிறீர்கள். என் மனத்தாங்கல் வரிகள் மேல். எதுகை கிடைத்தால் போதும் என்று வார்த்தைகளைக் கொட்டியிருக்கிறார். எதுகை அகராதியை வைத்துக்கொண்டு எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். ‘பிளைண்டட் பை தி லைட்’டில் யார் யாரோ வருகிறார்கள், போகிறார்கள். ஒருவர் முகமும் மனதில் நிற்கவில்லை.

கருப்புத்தட்டு:
வரிவாசி, அந்தப் பாட்டு பிறந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஆல்பத்தை ஒப்படைத்ததும் கொலம்பியாவின் தலைவர் கிளைவ் டேவிஸ், ரேடியோவில் ஓடுகிற மாதிரி ஒன்றும் இல்லையே என்றார். ஸ்பிரிங்ஸ்டீன் கோபித்துக்கொள்ளாமல் போய் இரண்டு பாட்டு எழுதினார்: ‘பிளைண்டட் பை தி லைட்’, ‘ஸ்பிரிட் இன் தி நைட்’. தனியாகப் பாடிய மூன்று பாட்டு வெளியே போயின. சாக்ஸபோனோடு கிளாரன்ஸ் கிளெமன்ஸ் ஆல்பத்துக்குள் வந்ததும் இந்த இரண்டு பாட்டால்தான். டேவிஸ் அன்று பேசாமல் இருந்திருந்தால் கிளெமன்ஸ் இல்லாத ஆல்பம்தான் நமக்குக் கிடைத்திருக்கும்.

முகம் நிற்கவில்லை என்றீர்கள். ‘ஸ்பிரிட் இன் தி நைட்’ கேளுங்கள். ஒரு ஏரி, ஒரு இரவு, நாலைந்து நண்பர்கள். ஒவ்வொருவரையும் பட்டப்பெயரோடு அறிமுகப்படுத்துகிறார். விடிவதற்குள் என்ன நடந்தது என்பது நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. பின்னாளில் அவர் எழுதிய கதைப்பாட்டுகளுக்கெல்லாம் விதை அங்கேதான் இருக்கிறது.

வரிவாசி:
அந்தப் பாட்டை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘பிளைண்டட்’ 1977இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது மான்ஃப்ரெட் மான்ஸ் எர்த் பேண்ட் என்ற பிரிட்டிஷ் குழு வாசித்த பிறகுதான். வரிகளைக் குறைத்து, பல்லவியை முன்னே தள்ளினார்கள். ஸ்பிரிங்ஸ்டீன் ஆல்பம் முதல் வருடம் விற்றது சுமார் 25,000 பிரதிகள்.

தாளக்காரி:
விற்பனையை அளவுகோலாக வைத்தால் பேச்சே வேண்டாம், அண்ணா. எனக்கு அவருடைய பதிவுதான் உயிர். மூச்சு விடாமல் ஓடுகிற அந்த வேகத்தை எர்த் பேண்ட் கைவிட்டுவிட்டது.

இன்னொன்று, இசைத்தட்டின் முதல் பக்கத்தில் கடைசிப் பாட்டு ‘லாஸ்ட் இன் தி ஃப்ளட்’. ஆரம்பத்தில் இடிபோல் ஒரு உறுமல் வருமே, அது வான் சான்ட் ஆம்ப்ளிஃபயரை வைத்துக் கிளப்பிய சத்தம். ஆல்பத்தில் அவர் பங்கு அவ்வளவுதான். அப்புறம் பியானோ மட்டும். போரிலிருந்து திரும்பிய ஒருவன் ஊருக்குள் நடந்து வருகிறான். ஆர்கனும் ட்ரம்ஸும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் தெருவில் துப்பாக்கிச் சண்டை வரும்போது மொத்தமும் கொதிக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டார் முன்னால் வந்து நிற்காமலே. சுருதிபேதம், இதையும் சொதப்பல் என்பீர்களா?

சுருதிபேதம்:
இல்லை. ஆனால் 1975இல் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியனில் வாசித்ததையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அதே பாட்டு, முழு பேண்ட். அந்தக் கடைசிப் பகுதிக்கு வேண்டிய எடை அங்கேதான் கிடைக்கிறது. என் வருத்தமே இதுதான். ‘மேரி குவீன்’, ‘தி ஏஞ்சல்’ இரண்டையும் எடுத்துவிட்டு, மீதி ஏழையும் பேண்டோடு நிதானமாகப் பதிந்திருந்தால் இந்த ஆல்பத்துக்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டியிருக்காது.

கருப்புத்தட்டு:
‘மேரி குவீன்’ போகட்டும். ‘தி ஏஞ்சலை’ விட்டுக்கொடுக்க மாட்டேன். பியானோவுக்கு அடியில் ரிச்சர்ட் டேவிஸின் டபுள் பேஸ் வருகிற இடம் ஒன்று போதும் எனக்கு. வான் மாரிசனின் ‘ஆஸ்ட்ரல் வீக்ஸ்’ ஆல்பத்தில் வாசித்த அதே கை. இதை ராக் பேண்டோடு பதிந்திருந்தால் அந்த ஒலி கிடைத்திருக்காது. 2009 நவம்பரில் பஃபலோவில் முழு ஆல்பத்தையும் வரிசையாக மேடையில் வாசித்தபோது ஸ்பிரிங்ஸ்டீனும் எதையும் விட்டுவிடவில்லை. ஒன்பதும் இருந்தன, ‘தி ஏஞ்சல்’ உட்பட.