புதுப்பிப்பு: எங்கள் மோட்டார் படகின் பெட்ரோல் செலவு

60 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) பூட்டிய சிறு படகு மணிக்கு எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன்மார்களுக்கு நன்றி. மச்சானும் நானும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிவிட்டோம், கோவளம் பக்கம் ஓடுகிறது.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 22 லிட்டர் இழுக்கும். சென்னையில் லிட்டர் 100 ரூபாய்க்குக் குறையாது, கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் உண்மையான தண்டச்செலவு, மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தால் தண்ணீரை உழுதபடி போகிற அரைகுறை வேகம்தான். தயங்காமல் த்ராட்டில் கொடுத்து, படகு மட்டமாகித் தண்ணீர் மேல் வழுக்க ஆரம்பித்ததும் எஞ்சினை 4000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) பக்கம் இறக்கினால் மணிக்கு ஏறக்குறைய பாதிதான் ஆகிறது. அலை தூக்கிப் போடுகிற நாளில் இதெல்லாம் நடக்காது, அது வேறு கதை.

டூ ஸ்ட்ரோக் வாங்கச் சொன்னவருக்கு: விலை குறைவுதான். ஆனால் பழைய கார்புரேட்டர் வகை பெட்ரோலை அதிகம் குடிக்கும், 50 லிட்டருக்கு 1 லிட்டர் ஆயிலும் கலக்க வேண்டும்.

அப்புறம், கடலிலிருந்து வந்ததும் உப்புப் போக எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட வேண்டும். எங்கள் தெருவில் லாரித் தண்ணீர். அந்தச் செலவை ஒருத்தரும் சொல்லவில்லையே!