பையை எடுத்த பிறகும் அதே வலி: உங்களுக்கும் உண்டா?

நொய்யல்கரை:

கர்ப்பப்பையை எடுத்து ஐந்து வருடம் ஆகிறது. அப்போது எனக்கு 38. சூலகத்தில் (ஓவரியில்) சாக்லேட் கட்டி என்கிற எண்டோமெட்ரியோசிஸ் கட்டி, மாதம் பத்து நாள் உதிரப்போக்கு, மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்து அலுத்துப்போயிருந்தேன். "எடுத்துடலாம்மா, இதோட முடிஞ்சுது" என்று டாக்டர் சொன்னதும் மறுபேச்சே இல்லை. கையெழுத்துப் போடும்போது நான் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை நாளில் ஸ்கூட்டர் ஓட்டலாம்?

பதினான்கு மாதம் நிம்மதி. அப்புறம் ஓர் ஆடி மாதம், இடுப்புக்குக் கீழே பின்பக்கமாக அதே பழைய நோவு. நாத்தனார் கேட்டாள்: "பையே இல்லீங்களே அண்ணி, நோவு எங்கிருந்துங்க வருது?" கிண்டலாகக் கேட்கவில்லை, பாவம், நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். எனக்கும் புரியவில்லை. ஸ்கேன் நார்மல். மறுபடி ஸ்கேன், மறுபடி நார்மல். ஒருவர் வாயு என்றார், ஒருவர் மலச்சிக்கல் என்றார், மூன்றாமவர் மனசை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னார். மனசு லேசாகத்தான் இருந்தது, வலிக்கிற வரைக்கும்.

அடுப்படியில் தொங்கும் தினசரி காலண்டரில், வலித்த நாளின் தாளை மட்டும் கிழித்துப் பின்பக்கம் ரெண்டு வரி எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவந்தேன். ஏழு மாதம் கழித்துத் தரையில் பரப்பினால், 27, 28 நாளுக்கு ஒரு கொத்தாக வந்து நிற்கிறது. தலைக்கு ஊற்றுவது நின்றுபோன உடம்பில் தேதி மட்டும் தவறவில்லை. அந்த நாட்களில் காலையில் கக்கூஸ் போவதற்குப் பயந்து முந்தின இரவு சாப்பிடாமல் படுத்திருக்கிறேன்.

நாலாவதாகப் பார்த்த கோயம்புத்தூர் டாக்டரம்மா ஸ்கேனைத் தொடவே இல்லை. "ஆபரேஷன் நோட்ஸ் இருக்கா?" என்றார். பீரோவில் புடவைக்கு அடியில் மஞ்சள் ஃபைல் ஒன்று கிடந்தது; இன்ஷூரன்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்ததோடு சரி. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வரிவரியாகத் தமிழில் சொன்னார்: பை, பையின் வாய், குழாய்கள் எடுக்கப்பட்டன. சூலகங்கள் இரண்டும் விடப்பட்டன. பையின் பின்புறம் குடல் கெட்டியாக ஒட்டியிருந்தது, அதைப் பிரித்த இடத்தில் எதையும் வெட்டி எடுக்கவில்லை.

அந்த ஒரு வரி நாலு வருடமாக என் பீரோவில் இருந்திருக்கிறது! எண்டோமெட்ரியோசிஸ் என்பதே பையின் உள்பூச்சு போன்ற திசு பைக்கு வெளியே வளர்வதுதான். பையை எடுத்தார்கள், வெளியே இருந்தது அங்கேயே இருந்தது. சூலகம் மாதாமாதம் ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து அதற்குத் தீனியும் போட்டது. "குடியிருந்த வீட்டை இடிச்சாச்சு, கரையான் பக்கத்து வீட்டுச் சுவத்துல இருக்கு" என்றார் டாக்டரம்மா.

உள்ளே விரல் வைத்துப் பார்த்தபோது ஒரே இடத்தில் உயிர் போனது. எம்ஆர்ஐயில், குடலுக்கும் யோனியின் மேல் தையலுக்கும் நடுவே ஒரு முடிச்சு. குடல் சர்ஜனும் சேர்ந்து லேப்ராஸ்கோப்பியில் (சின்னத் துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) அதை வேரோடு வெட்டி எடுத்தார்கள். வெட்டியதைச் சோதித்த பயாப்சியிலும் எண்டோமெட்ரியோசிஸ் என்றுதான் வந்தது. சூலகம் இருப்பதால் அதை அடக்கிவைக்க தினமும் டையனோஜெஸ்ட் என்கிற ஹார்மோன் மாத்திரை, 2 மில்லிகிராம். இப்போது பதினொரு மாதம். பத்துக்கு ஒன்பதாக இருந்த வலி ரெண்டில் நிற்கிறது. போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

மலைக்கோட்டைக்காரி:

எனக்கு 41 வயதில் சூலகங்களையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் வந்தது அக்கா. உடம்பெல்லாம் திடீர் திடீரென்று தகிக்கிறது என்று போனதற்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தார்கள். பை இல்லாதவர்களுக்கு அது மட்டும் போதும் என்பது பொதுவான கணக்கு, தப்பில்லை. ஆனால் எண்டோ இருந்தவர்களுக்கு உள்ளே மிச்சம் மீதி இருந்தால் அது விழித்துக்கொள்ளும். எனக்கு எட்டே மாதத்தில். வேறு டாக்டர் புரோஜெஸ்டரோனும் சேர்ந்த மருந்தாக மாற்றினார், மெல்ல அடங்கியது.

சூலகத்தையும் எடுத்தால் தேவலையா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 138 பெண்களைப் பின்தொடர்ந்து 1995-ல் வந்த ஓர் ஆய்வை என் டாக்டர் காட்டினார். சூலகத்தை விட்டுவைத்த 29 பேரில் 18 பேருக்கு வலி திரும்பியிருக்கிறது. எடுத்த 109 பேரில் 11 பேருக்கு. சின்ன ஆய்வு, பழையதும்கூட. அந்த 11 பேரில் நானும் ஒருத்தி மாதிரிதான். அதற்காக எல்லோரும் எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். நாற்பது வயதில் சூலகம் போனால் எலும்பும் இதயமும் கணக்குக் கேட்கும். எனக்கு எலும்பு அடர்த்தி குறைந்து, கால்சியம் மாத்திரையோடு ஓடுகிறது.

மாடிவீடு:

வேறு மாதிரி ஒரு கதை சொல்கிறேன். எனக்கும் பை எடுத்த பிறகு வலி. மறுபடி எண்டோதான் என்று நானே முடிவுகட்டி, சண்டை போட்டு ரெண்டாவது லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டேன். உள்ளே ஒன்றுமே இல்லை. ரெக்கவரி அறையில் அழுதேன், எனக்குப் பைத்தியம் என்று இனிமேல் எல்லோரும் நம்புவார்களே என்று.

அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் கண்டுபிடித்தார். பத்துப் பன்னிரண்டு வருடம் வலிக்குப் பயந்து இறுக்கிப் பிடித்தே இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகள் தளரவே மறந்துவிட்டன. உட்கார்ந்தால் எரிச்சல், கணவரோடு சேர்ந்தால் வலி, ஒன்னுக்குப் போய் வந்த கையோடு மறுபடி முட்டல், எல்லாம் அதனால்தான். இறுக்கும் பயிற்சி செய்யாதே, தளர்த்தக் கற்றுக்கொள் என்றார். யூடியூபைப் பார்த்து அதுவரை தினமும் இறுக்கிக்கொண்டிருந்தேன்! மூச்சுப் பயிற்சியும் அவர் கையால் உள்ளே அழுத்தித் தளர்த்தியதுமாக நாலு மாதம். இப்போது பஸ்ஸில் மதுரை வரை உட்கார்ந்து போகிறேன்.

ஆகவே மாதக் கணக்கில் வருகிறதா, எந்நேரமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நொய்யல்கரை அக்காவின் காலண்டர் வேலை எனக்குத் தெரிந்திருந்தால் ஓர் ஆபரேஷன் மிச்சமாகியிருக்கும்.

புதுவரவு:

அக்கா, என் அண்ணிக்கு அடுத்த புதன்கிழமை ஆபரேஷன். அடினோமயோசிஸ் என்றார்கள். படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?

நொய்யல்கரை:

வேண்டாம் என்று சொல்லாதே கண்ணு. அடினோமயோசிஸ் என்பது அந்த உள்பூச்சுத் திசு பையின் சுவருக்குள்ளேயே வளர்வது. பையோடு அது போய்விடும். ஆனால் அதுவும் எண்டோவும் சேர்ந்தே இருப்பது உண்டு. அதனால் புதன்கிழமைக்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்கச் சொல்: உள்ளே போய்ப் பார்த்துக் குடலிலோ சிறுநீர்ப்பையிலோ ஒட்டியிருந்தால் அன்றைக்கே எடுப்பீர்களா, எடுக்க ஆள் இருக்கிறாரா? டாக்டர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

டிஸ்சார்ஜ் அன்று ஆபரேஷன் நோட்ஸைக் கையில் வாங்கிவிடு. பயாப்சி ரிசல்ட் பத்து நாள் கழித்து வரும், அதற்கும் நீயே போ. என் மஞ்சள் ஃபைலில் பழைய பயாப்சித் தாள் மட்டும் இல்லை. அதைக் கேட்டு மூன்று முறை போனேன். மூன்று முறையும் ரெக்கார்ட் ரூம் சாவி வைத்திருப்பவர் லீவு.