முதுகெலும்பில் கிருமி: வெட்டணுமா, மருந்து போதுமா?

செம்பனைக்காரன்: நேற்று நம் மலேசிய ஊரான சுங்கை சிப்புட்டின் வாட்சாப் குழுவில் ஒருவர், “முதுகெலும்புல கிருமி வந்தா உடனே வெட்டிச் சுத்தம் பண்ணணும், மருந்தை நம்பினா கால் போயிடும்” என்று போட்டிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. என் அம்மாவுக்குப் போன வருஷம் இடுப்புப் பக்க முதுகெலும்பில் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வேறு. 6 வாரம் ஊசி மருந்து, அவ்வளவுதான். கத்தி படவே இல்லை. இப்போது தனியாகச் சந்தைக்குப் போய் வருகிறார்.

மூணாவது லயம்: போட்டது நான்தான். பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். 6 வாரமா? என் அப்பா மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. நாலாம் மாதம் காலில் இருந்த சிலிப்பர் கழன்றது தெரியாமல் வாசல் வரை நடந்தார். அப்புறம்தான் அறுவை. முதலிலேயே செய்திருந்தால் இன்றைக்குக் கைத்தடி எதற்கு?

செம்பனைக்காரன்: 6 வாரம்தான். பிரான்ஸில் 359 பேரை வைத்து 6 வாரத்தையும் 12 வாரத்தையும் ஒப்பிட்டார்கள். 6 வாரமே போதும் என்று 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. படித்துவிட்டு வா.

பழைய மிஸ்ஸி: தம்பிகளா, ஆரஞ்சு சிறுநீர் என்றால் காசநோய் மாத்திரை. அது முதுகெலும்புக்கும் வரும் வேறு கிருமி, 6 வாரக் கணக்கு அதற்கு இல்லை. காசநோயிலும் பலர் மாத்திரையிலேயே தேறுகிறார்கள். 1960-களில் கொரியாவில் பார்த்தார்களே, படுக்கையில் கிடந்தவர்களும் நடமாடியவர்களும் ஒரே மாதிரி தேறினார்கள். கால் பலம் குறைந்தால், எலும்பு சரிந்தால், மருந்து கேட்காவிட்டால் அறுவை.

செம்பனைக்காரன்: பார்த்தாயா, நர்ஸாக இருந்த மிஸ்ஸி அக்காவே மருந்து என்கிறார். 6 வாரம்.

மூணாவது லயம்: கால் பலம் குறைந்தால் அறுவை என்றதை விட்டுவிட்டாயே! உங்கள் தாத்தா தோட்டத்து டிரசர் (மருத்துவ உதவியாளர்) என்பதால் நீ டாக்டர் ஆகிவிட மாட்டாய்.

செம்பனைக்காரன்: தாத்தாவை இழுக்காதே. நடுராத்திரியில் உங்கள் லயத்துக்கு சைக்கிளில் வந்து ஊசி போட்டவர் அவர். போன திருவிழாக் கணக்கை நான் கேட்டதிலிருந்துதான் உனக்கு என் மேல் கோபம்.

மூணாவது லயம்: கணக்கு எழுதி ஒட்டியாச்சு. கண் தெரியாதா?

பழைய மிஸ்ஸி: கோயில் கணக்கு இங்கே எதற்கு?

செம்பனைக்காரன்: சரி, விடுங்கள் அக்கா. 6 வாரம். அம்மாவின் மருந்து அட்டையைப் படம் பிடித்துப் போடுகிறேன்.

மூணாவது லயம்: போடு. அப்பாவின் எம்.ஆர்.ஐ. படமும் அலமாரியில்தான் இருக்கிறது.