மேலே தெரிவது ரேம், அடியில் இருப்பதுதான் பிராசசர்

குழு: கடலூர் சொந்தங்கள்

திருப்பாப்புலியூர் அண்ணன்: [படம்]
பெரியப்பா, உங்கள் போனைத் திறந்துவிட்டேன். சார்ஜிங் ஐசிதான் (சார்ஜ் ஏற்றும் சிப்) போயிருக்கிறது. அதன் மேலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டேன், சென்னை ரிச்சி தெருவில் அதே ஐசி கேட்டிருக்கிறேன்.

முதுநகர் மாமா: மாப்பிள்ளை, நடுவில் உள்ள பெரிய சிப்பில் எஸ்இசி என்று இருக்கிறதே, அது சாம்சங்தானே? பெட்டியில் பிராசசர் ஸ்னாப்டிராகன் என்று போட்டிருந்தது.

திருப்பாப்புலியூர் அண்ணன்: சாம்சங்தான் மாமா, ஆனால் அது ரேம், ஓடுகிற ஆப்களின் தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம். அடுத்த வரி கே3 என்று தொடங்குகிறது பாருங்கள். ரேமை போனின் மூளையான பிராசசரின் தலைமேலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். போர்டில் இடம் மிச்சம், இரண்டுக்கும் நடுவே தூரமும் குறைவு. ஸ்னாப்டிராகன் அடியில் இருக்கிறது. ரேமைப் பெயர்க்காமல் அதன் எழுத்தைப் படிக்க முடியாது. இது தெரியாமல் பிராசசரை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று பயந்துபோகிறவர்கள் உண்டு, அதனால்தான் விவரமாகச் சொல்கிறேன்.

முதுநகர் மாமா: கே3 இல்லாமல் வேறு எழுத்து இருந்தால்?

திருப்பாப்புலியூர் அண்ணன்: எச்9 என்றால் எஸ்கே ஹைனிக்ஸ், அதுவும் கொரியாதான். மைக்ரான் சிப்பில் டி9 என்று தொடங்கும் சின்னக் குறியீடு மட்டும் இருக்கும். அதை மைக்ரான் தளத்தில் போட்டால்தான் முழு எண் கிடைக்கும்.

பெரியப்பா: பெட்டியில் மேட் இன் இந்தியா என்று இருக்கிறதே தம்பி?

நான்: பாகங்களைச் சேர்த்துப் போனாகப் பூட்டுவது இங்கேதான் பெரியப்பா. ஐபோனைக்கூட ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பூட்டுகிறார்கள். சிப் அப்படியில்லை. ஸ்னாப்டிராகனை வடிவமைப்பது அமெரிக்காவின் குவால்காம். அதைச் செய்து தருவது வேறு ஆலை. ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சிப்பை சாம்சங் செய்தது, 2022இல் வந்த 8 பிளஸ் ஜென் 1 தைவானின் டிஎஸ்எம்சிக்குப் போய்விட்டது.

திருப்பாப்புலியூர் அண்ணன்: 2015இல் வந்த ஐபோன் 6எஸ் இதைவிட அருமை. ஒரே மாடல், ஒரே ஏ9 சிப், ஆனால் இரண்டு ஆலை. ஏபிஎல்0898 என்றால் சாம்சங், ஏபிஎல்1022 என்றால் டிஎஸ்எம்சி. அளவில் சாம்சங் சிப் கொஞ்சம் சின்னது.

நெய்வேலி சித்தி: போனைத் திறக்காமல் பார்க்க வழி உண்டா?

திருப்பாப்புலியூர் அண்ணன்: கொஞ்சம் பார்க்கலாம் சித்தி. சிபியு-இசட் ஆப் போட்டு சென்சார் பக்கத்துக்குப் போங்கள். அங்கே சென்சாரின் பெயர் பிஎம்ஐ என்றால் ஜெர்மனியின் போஷ். ஏகே என்று தொடங்கினால் ஜப்பானின் அசாகி கசெய், அது திசைகாட்டி. எஸ்டிகே என்றால் தைவானின் சென்சார்டெக். கேமராவுக்கு போனின் விவரக் குறிப்பைப் பாருங்கள்: ஐஎம்எக்ஸ் சோனி, எஸ்5கே சாம்சங், ஓவி ஆம்னிவிஷன்.

நெய்வேலி சித்தி: பிஎம்ஐ160 என்று வருகிறது.

திருப்பாப்புலியூர் அண்ணன்: போஷ்தான் சித்தி. போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் படம் திரும்புகிறதே, அதற்கு இதுதான் தகவல் கொடுக்கிறது.

முதுநகர் மாமா: என் போனில் கைரோஸ்கோப் என்ற வரியே இல்லையே?

திருப்பாப்புலியூர் அண்ணன்: போன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணரும் சென்சார் அது, விலை குறைந்த பல போன்களில் வைப்பதில்லை மாமா. 360 டிகிரி வீடியோவில் போனைத் திருப்பினாலும் காட்சி சரியாக நகராது. அடுத்த போன் வாங்கும்போது விவரக் குறிப்பை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.